கணினியைப் பேணக் கற்ற வரலாறு: சிவகாசி வட்டாரத் தொழிலகங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்க் கணிமையின் வரலாறு பெரிதும் எழுத்துரு, விசைப்பலகை, குறியேற்றம் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அலுவலகங்களுக்கு வந்த தனியாள் கணினிகளை உள்ளமைத்து, பழுது நீக்கி, இயங்கும் நிலையில் வைத்திருந்தோரின் அறிவு அவ்வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை. அவ்வறிவு உருவான முறையையும் கைமாறிய வழிகளையும் சிவகாசி வட்டாரத்தின் அச்சகம், பட்டாசு ஆலை ஆகிய இரு தொழிற்சூழல்களில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. 1980களின் நடுப்பகுதி முதல் 2010 வரை கணினியில் தட்டச்சான தமிழ் ஆவணங்கள் இன்று படிக்கக் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் இந்தப் பராமரிப்பு அறிவையே சார்ந்துள்ளன என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: தனியாள் கணினி, உள்ளமைவு, பராமரிப்பு, எழுத்துரு, குறியேற்றம், சிவகாசி, அச்சங்குளம், பட்டறைத் தமிழ்

முன்னுரை

1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் நடைபெற்ற தமிழிணைய மாநாடுகள், தமிழ்99 விசைப்பலகை, டாம், டாப் குறியேற்றங்கள், ஒருங்குறியில் தமிழின் இடம் ஆகியவை குறித்து விரிவான விவாதங்கள் நடந்துள்ளன. ஒரு தரம் வகுக்கப்பட்டால் அது மேசைமேல் இருக்கும் கணினியில் தானாகவே நடைமுறைக்கு வந்துவிடும் என்னும் எண்ணம் இவ்விவாதங்களில் உள்ளுறைந்து கிடக்கிறது. ஆனால், ஒருவர் ஒரு கணினியின் முன் அமர்ந்து நிறுவித் தந்த பிறகே எந்தத் தரமும் எழுத்தாக மாறியது. அந்த ஒருவர் யார், அவர் எவ்வாறு கற்றார், கற்றதை யாரிடம் விட்டுச்சென்றார் என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை.

இவ்வினாக்களை எழுப்புவதற்குச் சிவகாசி வட்டாரம் ஏற்ற களமாகும். 1922இல் ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923இல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினர். தீப்பெட்டியும் அதன்பின் பட்டாசும் வேண்டிய வண்ணச் சீட்டுகள் அச்சுத்தொழிலை வளர்த்தன. வெளியூரில் கைப்பழக்கமாகக் கற்றுவந்து, உடன் உழைப்போருக்குக் கற்பித்து, தொழிலை ஊருக்கு உரியதாக்கிக்கொள்வது இவ்வட்டாரத்தின் மரபு. கணினிப் பராமரிப்பு பரவிய விதமும் இம்மரபோடு ஒப்பிடத்தக்கது.

1. பராமரிப்பு அரசின் கவலையாக இருந்த காலம்

இந்தியாவில் கணினிப் பராமரிப்பு முதலில் ஓர் அரசியல் சிக்கலாகவே உணரப்பட்டது. ஐ.பி.எம். நிறுவனம் தன் பெருங்கணினிகளை வாடகைக்கு அளித்தது. அவற்றைப் பேணும் பணியைத் தன் பொறியாளர்களிடமே வைத்திருந்தது. கருவியைப் பயன்படுத்தும் உரிமை வாடிக்கையாளருக்கு இருந்தது. அதைத் திறந்து சீராக்கும் அறிவு விற்பவரிடமே தங்கியது. அயல்நாட்டு முதலீடு குறித்த விதிகளை ஏற்க மறுத்து ஐ.பி.எம். 1978இல் வெளியேறியபோது, அது விட்டுச்சென்ற கருவிகளைப் பேணும் பொறுப்பு, 1975இன் இறுதியில் மைய அரசு தொடங்கியிருந்த கணினிப் பராமரிப்புக் கழகத்திடம் வந்தது. சி.எம்.சி. என்னும் சுருக்கப்பெயரால் அறியப்பட்ட இந்நிறுவனத்தின் பெயரிலேயே பராமரிப்பு இடம்பெற்றிருந்தது கவனத்திற்குரியது. கருவியை வாங்குவது ஒன்று, அதைப் பேணும் அறிவைக் கைக்கொள்வது வேறொன்று என்பதை அரசு அன்று தெளிவாகவே உணர்ந்திருந்தது.

1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய கணினிக் கொள்கை இறக்குமதியை எளிதாக்கியது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. சிவகாசியில் மெப்கோ ஸ்லெங்க் பொறியியல் கல்லூரியும் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியல் கல்லூரியும் அவற்றுள் அடங்கும். முன்னதன் பெயரில் உள்ள மெப்கோ, திருமங்கலத்தில் உலோகத் தூள் தயாரிக்கும் நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம். 1985இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து இன்றைய விருதுநகர் மாவட்டம் உருவாயிற்று. புதிய மாவட்டமும் புதிய கல்லூரிகளும் தனியாள் கணினியும் இவ்வட்டாரத்திற்கு ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தன.

2. தனியாள் கணினியும் பொறுப்பின் இடமாற்றமும்

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். வெளியிட்ட தனியாள் கணினியின் கட்டமைப்பு விவரங்கள் வெளிப்படையாக இருந்தன. யார் வேண்டுமானாலும் அதற்கேற்ற உறுப்புகளைத் தயாரிக்க முடிந்தது. விலை குறைந்தது, இந்தியாவில் எச்.சி.எல்., விப்ரோ முதலிய நிறுவனங்கள் இவ்வகைக் கணினிகளை விற்றன. ஆனால், இத்திறந்த தன்மை ஒரு புதிய சுமையையும் உடன் கொண்டுவந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் உறுப்புகள் ஒரே பெட்டிக்குள் முரண்படாமல் இயங்கவேண்டும். அவ்விணக்கத்தை ஏற்படுத்துவதே உள்ளமைவு எனப்படும் பணி.

தொடக்க காலக் கணினியில் எவ்வளவு நினைவகம் உள்ளது, எவ்வகைத் திரை இணைக்கப்பட்டுள்ளது என்பவற்றைத் தாய்ப்பலகையில் இருந்த சிறு நிலைமாற்றிகளைக் கையால் நகர்த்தியே தெரிவிக்க வேண்டும். கூடுதல் அட்டை ஒன்றைச் செருகினால், ஏற்கெனவே உள்ள அட்டையின் குறுக்கீட்டு எண்ணோடு அது மோதாதபடி ஜம்பர் எனப்படும் சிறு செருகியை இடம் மாற்றவேண்டும். எம்.எஸ்.-டாஸ் இயங்குதளத்தில் செயலிகளுக்குக் கிடைத்த அடிப்படை நினைவகம் 640 கிலோபைட் மட்டுமே. எனவே, தொடக்கக் கோப்புகள் இரண்டில் எந்த இயக்கியை எந்த வரிசையில் ஏற்றுவது என்பதைப் பொறுத்தே ஒரு மென்பொருள் ஓடுவதும் ஓடாததும் அமைந்தன. 1995இல் வந்த விண்டோஸ் 95 இவற்றுள் பலவற்றைத் தானியக்கமாக்க முயன்றது, முழுதும் வெற்றிபெறவில்லை.

பெருங்கணினிக் காலத்தில் விற்பவரிடம் இருந்த பொறுப்பு இப்போது மூன்றாகப் பிரிந்தது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் செய்துகொண்ட விற்பனை நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர். உறுப்புகளை வாங்கிக் கணினியைத் தாமே இணைத்து விற்கும் உள்ளூர்க் கடைக்காரர் ஒருவர். அலுவலகத்திலேயே பணிபுரிந்துகொண்டு, சிறு பழுதுகளைப் பார்க்கக் கற்றுக்கொண்ட ஊழியர் ஒருவர். மூன்றாமவரின் பதவிப்பெயரில் கணினி என்னும் சொல்லே இருந்ததில்லை. அவர் கணக்கராகவோ தட்டச்சராகவோ அச்சுக்கோப்பாளராகவோ ஊதியப் பட்டியலில் இருந்தார்.

இவ்வறிவின் அடிப்படை முறை, மாற்றிப் பார்த்தல். இயங்காத கணினியின் நினைவகத்தைக் கழற்றி இயங்கும் கணினியில் மாட்டுவது, அங்கும் இயங்கவில்லை என்றால் பழுது நினைவகத்தில் என்று முடிவு செய்வது, இயங்கினால் அடுத்த உறுப்புக்குச் செல்வது என ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போகும் தருக்கம் இது. மாற்றிப் பார்ப்பதற்கு உதிரி உறுப்புகள் கையில் இருக்கவேண்டும். சென்னை ரிச்சி தெரு போன்ற உதிரிச் சந்தைகளோடு தொடர்புடையோரே இதனால் சிறந்த பழுதுநீக்குநர் ஆனார்கள். கல்லூரியை விடக் கடையே இவ்வறிவுக்குப் பயிற்சிக்களமாக அமைந்ததற்கு இது முதன்மைக் காரணம்.

3. அச்சகத்தில் எழுத்துரு ஓர் உள்ளமைவுச் சிக்கல்

அச்சகத்திற்குக் கணினி வந்ததும் அச்சுக்கோப்பாளரின் ஈய எழுத்துப் பெட்டி இருந்த இடத்தில் கணினியச்சுக் கோப்பாளர் அமர்ந்தார். ஆல்டஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்டு, 1994இல் அடோபி வசம் சென்ற பேஜ்மேக்கர் தமிழ் அச்சுலகின் முதன்மைக் கருவியாயிற்று. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வரிவடிவங்களை வைத்து வடிவமைத்த எழுத்துருக்களே அதில் பயன்பட்டன. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வரிவடிவங்களை அடுக்கியது. ஓர் எழுத்துருவில் தட்டச்சான கோப்பை, அதே எழுத்துரு நிறுவப்படாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலே திரையில் தோன்றும்.

இச்சூழலில் எழுத்துருவை நிறுவுவது தட்டச்சைப் போலவே அன்றாடப் பணியாயிற்று. நாட்காட்டி ஒன்றின் கோப்பை வாடிக்கையாளர் நெகிழ்வட்டில் கொண்டுவந்தால், அவர் பயன்படுத்திய எழுத்துருவும் அதில் உள்ளதா என்று பார்ப்பதே முதல் வேலை. சில எழுத்துரு மென்பொருள்கள் வன்பொருள் பூட்டுடன் விற்கப்பட்டன. அப்பூட்டு செருகப்பட்ட கணினி பழுதானால் அச்சகத்தின் தமிழே நின்றுபோகும். இதற்கு முந்தைய கட்டத்தில், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றி சி-டாக் நிறுவனத்தால் வளர்த்தெடுக்கப்பட்ட ஜிஸ்ட் அட்டை, இந்திய மொழிகளைக் காட்டும் பணியை வன்பொருளாகவே கணினிக்குள் வைத்தது. மொழி அங்கே ஒரு செருகுவாயில் இடம் கேட்கும் உறுப்பாக இருந்தது.

ஒருங்குறி இச்சிக்கலைக் கொள்கையளவில் தீர்த்தது. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது; விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் வந்தது. எனினும் தீர்வு மேசைக்கு வந்து சேர்வதில் ஒரு தடை இருந்தது. 2001 முதல் நம் அலுவலகங்களில் மிகப் பரவலாக இருந்த விண்டோஸ் எக்ஸ்பி, தமிழ் போன்ற கூட்டு வரிவடிவ மொழிகளுக்கான ஆதரவை இயல்பாக நிறுவித் தரவில்லை. கட்டுப்பாட்டுப் பலகத்தில் மொழி அமைப்புகளுக்குச் சென்று அதற்கென உள்ள கட்டத்தைக் குறியிட வேண்டும்; அப்போது கணினி நிறுவல் குறுந்தட்டைக் கேட்கும். குறுந்தட்டு இல்லாத அலுவலகத்தில் அப்பணி அங்கேயே நின்றது. ஒருங்குறி பரவத் தாமதமானதற்குக் குறியேற்றத்தின் இடப்பங்கீடு பற்றிய கருத்து வேறுபாடுகள் காரணமாகச் சுட்டப்படுகின்றன. அவற்றோடு இச்சிறு தடையையும் சேர்த்துக் கருதுவது தேவை.

அச்சகங்களுக்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7 அம்மென்பொருளின் கடைசிப் பதிப்பு. அது ஒருங்குறித் தமிழை ஏற்காது. பல ஆண்டுகளின் கோப்புகளும் பழகிய விரல்களும் அதில் தங்கியிருந்தமையால், அதை இயக்கும் பழைய கணினிகளைப் பேணுவது தொழில் தேவையாயிற்று. எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்தியது. அதன்பின்னும் அவ்வகைக் கணினியை இணையத்தோடு இணைக்காமல் தனியே வைத்துப் பேணும் வழக்கம் அச்சுத்தொழிலில் தொடர்ந்தது. புதுமையை மறுக்கும் போக்கு என்று இதைக் கருதுவது மேலோட்டமான பார்வை. ஆவணங்களைப் படிக்கத்தக்க நிலையில் வைத்திருக்க அச்சகம் தன் செலவில் மேற்கொண்ட பாதுகாப்பு ஏற்பாடாகவே அதைக் கொள்ள வேண்டும்.

4. பட்டாசு ஆலையும் அதன் அலுவலகமும்

சாத்தூரை அடுத்த அச்சங்குளம், பட்டாசு ஆலைகள் பரவியுள்ள சிற்றூர்களுள் ஒன்று. இத்தகைய ஆலையின் அமைப்பு கணினி எங்கே இருக்கலாம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. மருந்து கலக்கும் அறைகளும் செலுத்தும் அறைகளும் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுச் சிதறி நிற்கும். அவற்றில் மின்விளக்கு இல்லாமல் பகலொளியில் வேலை நடப்பதே வழக்கம். அலுவலகம் இவ்வறைகளிலிருந்து விலகி இருக்கும். கணினியும் மின்கலமும் அங்கேதான்.

பட்டாசுத் தொழில் இவ்வட்டாரத்தில் நிலைபெற்றதற்கு வறண்ட வானிலை ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. அதே வறட்சி உடலிலும் துணியிலும் நிலைமின்சாரம் தேங்கவும் வழிவகுக்கிறது. மருந்து அறைக்குள் நுழையும் தொழிலாளி வாயிலில் உள்ள நிலஇணைப்புடைய உலோகத் தகட்டைத் தொட்டு, உடலில் தேங்கிய மின்சாரத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும் என்பது பாதுகாப்பு நெறி. நினைவகத்தைக் கையில் எடுக்குமுன் கணினிப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொடவேண்டும் என்பது பழுதுநீக்குநரின் நெறி. முன்னதில் உயிர் காக்கப்படுகிறது. பின்னதில் ஒரு சில்லு காக்கப்படுகிறது. அடிப்படை அறிவு ஒன்றே. நிலஇணைப்புக் குழியில் கரியும் உப்பும் இட்டு, கோடையில் நீர் ஊற்றி ஈரம் காக்கும் வழக்கம் இரண்டுக்கும் பொது. கணினிப் பராமரிப்பு முற்றிலும் அயலான அறிவாக இங்கு வரவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

ஆலை அலுவலகத்தில் கணினியைத் தவிர்க்க இயலாததாக்கியவை அரசின் படிவங்களே. தொழிலாளர் வருங்கால வைப்புநிதிக் கணக்கை மாதந்தோறும் மின்னணு முறையில் அளிப்பது 2012இல் நடைமுறைக்கு வந்தது. சரக்கு, சேவை வரி 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்து, விற்பனைக் கணக்கை இணையத்திற்குக் கொண்டுசென்றது. கணினியும் அதைப் பேணத் தெரிந்தவரும் இல்லாத சிறு தொழிலகங்கள் இப்பணிகளை ஊரிலுள்ள கணக்காளர் அலுவலகத்திடமோ கணினி மையத்திடமோ ஒப்படைப்பது தமிழ்நாட்டில் பொதுவான வழக்கம். இதனால் உழைப்பு நடக்கும் இடமும் அதைப் பற்றிய பதிவு இருக்கும் இடமும் பிரிந்துவிடுகின்றன.

இப்பிரிவின் பொருள் சிறிதன்று. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நிகழ்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தனர். உரிமம் ஒருவர் பெயரிலும் அறைகளின் நடைமுறைப் பொறுப்பு வேறு பலரிடமும் இருக்கும் உள்குத்தகை முறை அப்போது பெரிதும் விவாதிக்கப்பட்டது. கணினி அத்தகைய விபத்தைத் தடுத்துவிடும் என்பதன்று இங்குக் கூறவருவது. எந்த அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்னும் அன்றன்றைய பதிவு ஆலையிலேயே, ஆலையினராலேயே பேணப்படும்போதுதான் அது பொறுப்பேற்புக்கான சான்றாக நிற்கும். பதிவைப் பேணும் திறன் வெளியாருடையதாக இருக்கும்போது, படிவம் நிறைவுறும், சான்று மெலியும்.

5. பட்டறைத் தமிழ்

கணினிக் கலைச்சொல்லாக்கம் தமிழில் மிகுந்த உழைப்பைப் பெற்ற துறை. வன்தட்டு, நினைவகம், இயங்குதளம், நச்சுநிரல் ஆகிய சொற்கள் பாடநூல்களிலும் இதழ்களிலும் நிலைபெற்றுவிட்டன. பழுதுநீக்குநரின் பேச்சில் பெயர்ச்சொற்கள் ஆங்கிலமாகவே நிற்க, வினைச்சொற்கள் தமிழாக அமைந்தன. இயங்குதளத்தை அவர்கள் 'போடுகிறார்கள்'. வன்தட்டை 'ஃபார்மட் அடிக்கிறார்கள்'. நினைவகம் செருகுவாயில் சரியாக 'உட்காரவில்லை' என்கிறார்கள். தாய்ப்பலகை 'போய்விட்டது' என்று முடிவு சொல்கிறார்கள்.

இவ்வினைகள் ஏற்கெனவே தமிழரின் கைத்தொழில்களில் வழங்கியவை. மரவேலையில் மூட்டு உட்காரும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப்படும். வண்டிக்குச் சக்கரம் போடப்படும். புதிய கருவியைப் பழைய கைவினைகளின் வினைகளால் பிடித்துக்கொண்டமையால், ஆங்கிலக் கையேட்டைப் படிக்க இயலாதவரும் அதன் செயல்முறையைக் கற்க முடிந்தது. 'கழற்றி மாட்டிப் பார்' என்னும் ஒரு தொடர், உறுப்புகளின் தொடுமுனைகளில் படியும் ஆக்சைடு, தூசு, வெப்பத்தால் ஏற்படும் தளர்வு ஆகிய அனைத்துக்கும் ஒரே மருந்தைக் கூறுகிறது. நினைவகத்தின் தொடுமுனைகளைப் பள்ளிக்குழந்தையின் அழிப்பானால் தேய்த்துத் துடைக்கும் உத்தியும் இப்பட்டறைகளில் வாய்மொழியாகவே பரவியது.

வாய்மொழி மரபுக்கு உரிய குறையும் இதற்கு உண்டு. என்ன செய்தோம் என்று எழுதிவைக்கும் வழக்கம் உருவாகவில்லை. ஒரு கணினியில் எந்த அட்டைக்கு எந்த எண் கொடுக்கப்பட்டது, எந்த எழுத்துரு எந்தப் பதிப்பு என்பன ஒருவரது நினைவில் மட்டும் இருந்தன. அவர் வேலை மாறினால் அலுவலகம் மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்கியது.

6. சான்றிதழ், ஆணை, பயிற்சி

அரசு அங்கீகரித்த கணினிக் கல்வி இயக்குபவரை உருவாக்கியது. பேணுபவரை அந்த அளவுக்குக் கருதவில்லை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அலுவலகத் தானியக்கச் சான்றிதழ்த் தேர்வு, அரசுத் தட்டச்சர் பணிக்கான தகுதியாயிற்று. சொற்செயலி, அட்டவணைச் செயலி ஆகியவற்றின் பயன்பாடே அதன் மையம். தட்டச்சுப் பயிலகங்கள் இத்தேர்வுக்கான கணினி மையங்களாக மாறின. பழுதுநீக்கம் தொழிற்பயிற்சி நிலையங்களின் தனிப்பிரிவாக ஒதுங்கியது. தட்டச்சு செய்பவர் ஒருவர், பேணுபவர் வேறொருவர் என்னும் பிரிவினை இவ்வாறு சான்றிதழ்வழி உறுதிப்பட்டது.

இப்பிரிவினையை மீற முயன்ற குறிப்பிடத்தக்க நிகழ்வு, சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் 2007ஆம் ஆண்டையொட்டி மேற்கொண்ட லினக்ஸ் மாற்றமாகும். நிறுவனத்தின் மேசைக் கணினிகள் சூசே லினக்ஸுக்கு மாற்றப்பட்டன. ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. பள்ளிகளுக்கான கொள்முதலிலும் லினக்ஸ் இடம்பெற்றது. உரிமக் கட்டணச் சிக்கனம் அதன் வெளிப்படையான பயன். தன் கணினியின் உள்ளமைவைத் தானே அறியும் நிறுவனமாக ஓர் அரசு நிறுவனம் மாற முயன்றதே அதன் வரலாற்று முதன்மை. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் ஒருங்கே நிறுவப்பட்டன. முந்தைய முயற்சியின் தடம் அதில் எஞ்சியிருந்தது.

2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றபோது ஒருங்குறியையும் அனைத்து எழுத்துருக் குறியேற்றமான டேஸ்-16ஐயும் தரமாக ஏற்கும் அரசாணை வந்தது. புதிய ஆவணங்களுக்கு அது வழிகாட்டியது. முன்பு வேறு குறியேற்றங்களில் தட்டச்சான கோப்புகளை மாற்றும் பணி அலுவலகங்களின் பொறுப்பில் விடப்பட்டது. மாற்றி மென்பொருள் கிடைத்தாலும், கோப்பு எந்த எழுத்துருவில் உள்ளது என்று கண்டறியத் தெரிந்தவர் தேவைப்பட்டார். அவர் பழைய கணினியைப் பேணியவராகவே பெரும்பாலும் இருக்க முடியும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. தனியாள் கணினியைப் பேணும் அறிவு விற்பவரிடமிருந்து கடைக்கும், கடையிலிருந்து அலுவலக ஊழியருக்கும் கைமாறியது. சிவகாசி வட்டாரத்தில் அது ஏற்கெனவே இருந்த கைத்தொழில் மரபோடு எளிதில் இணைந்தது. அதன் மொழியும் அம்மரபின் வினைச்சொற்களால் ஆனது. அரசின் கல்வியும் ஆணைகளும் இவ்வறிவைத் தமிழ்க் கணிமையின் ஒரு கூறாகக் கொள்ளவில்லை. அதன் விளைவு தமிழ் ஆவணங்களின் மேலேயே விழுந்துள்ளது.

அச்சகங்களின் பழைய வன்தட்டுகளிலும் குறுந்தட்டுகளிலும் திருமண அழைப்பிதழ், நாட்காட்டி, பாடநூல், பட்டாசுச் சீட்டு எனத் தமிழரின் அன்றாட அச்சுப்பண்பாடு குவிந்துகிடக்கிறது. காந்தத் தட்டுகளும் குறுந்தட்டுகளும் காலப்போக்கில் படிக்க இயலாத நிலையை அடைவன. அவற்றைத் திறக்கத் தெரிந்த தலைமுறையும் ஓய்வுபெறும் வயதை நெருங்குகிறது. இடம் அடைக்கிறது என்று எடைக்குப் போடப்படும் ஒவ்வொரு பழைய கணினியுடனும் ஓர் எழுத்துருவும் அதை நிறுவிய அறிவும் சேர்ந்தே போகின்றன.

எனவே, வரலாற்றாய்வாளர் சேகரிக்க வேண்டிய சான்றுகளின் பட்டியல் விரிவடைய வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தங்கள், பழுதுப் பதிவேடுகள், உதிரி உறுப்புகளின் விலைச்சீட்டுகள், எழுத்துரு நெகிழ்வட்டுகள், வன்பொருள் பூட்டுகள், இயங்கும் நிலையிலுள்ள ஒரு சில பழைய கணினிகள் ஆகியவை ஓலைச்சுவடிக்கும் ஈய எழுத்துக்கும் நிகரான சான்றுகளாகக் கருதப்படவேண்டும். பழுதுநீக்குநர்களின் வாய்மொழி வரலாறு அவர்கள் தொழிலில் இருக்கும்போதே பதிவாக வேண்டும். சுவடியைக் காத்தவர் ஏட்டைப் பெயர்த்தெழுதவும் கற்றிருந்தார். கணினி ஆவணத்துக்கும் அத்தகைய காப்பாளர் உண்டு. பெரும்பாலும் அவர் அச்சகத்தின் பின்னறையிலோ கடைத்தெருவின் சிறு பட்டறையிலோ இருக்கிறார்.